இலுப்பைப்பூவும் சர்க்கரையும்: கல்லூரி மாறும் மாணவனும் புள்ளியும் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது தமிழ் வழக்கிலுள்ள பழமொழி. கரும்பாலை இல்லாத ஊரிலே இலுப்பைப்பூவின் இனிப்பே சர்க்கரையின் மதிப்பைப் பெற்றுவிடுகின்றது என்பது அதன் நேர்ப்பொருள். ஆயின் வழக்கில் அஃது ஏளனக் குறிப்புடனேயே எடுத்தாளப்படுகின்றது. சிறந்தோர் இல்லாத இடத்திற் சிறந்தவராகப் போற்றப்படும் ஒருவரைச் சுட்டி, அவரது மதிப்பு இடத்தினால் வந்ததேயன்றிச் சொந்தத் தகுதியினால் வந்ததன்று எனக் கூறுவதே அதன் உட்கிடை. சிறிய பாடசாலையொன்றில் முதல்வனாக விளங்கிய மாணவன் பெரிய கல்லூரியொன்றுக்கு மாறிச் செல்கின்றான். அங்கு முதற் தவணைப் பரீட்சையிலேயே வகுப்பின் நடுவிடத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடுகின்றான். அப்பொழுது அவனுள்ளத்தில் எழும் ஐயமும் இப்பழமொழியின் உட்கிடையே. இதுவரை சர்க்கரையெனப் பெயர்பெற்றிருந்த தான் வெறும் இலுப்பைப்பூத்தானா என அவன் தன்னையே வினவிக்கொள்கின்றான்.

இவ்வினாவுக்கு ஆசிரியர்களும் பெற்றோரும் பெரும்பாலும் கற்றல் முறை பற்றிய அறிவுரைகளையே விடையாகத் தருகின்றனர். நேரசூசி அமைத்துப் படித்தல், மேலதிக வகுப்புக்குச் செல்லுதல், பழைய வினாத்தாள்களைச் செய்து பழகுதல் ஆகியன பயனுள்ளவையே. ஆயின் மாணவன் வினவியது அதுவன்று. ஒருவரின் புள்ளி அவரைப்பற்றி எதனைச் சான்றுபகர்கின்றது, புள்ளி இறங்கும்பொழுது உண்மையில் இறங்குவது யாது, அவ்வேளையில் மாணவன் தனக்கும் பிறர்க்கும் ஆற்றவேண்டிய கடமை யாது, அவனைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அவனுக்கு ஆற்றவேண்டிய கடமை யாது என்பன அறவியல் சார்ந்த வினாக்கள். அவற்றை அவ்வாறே எதிர்கொள்ளுதல் தகும்.

இலங்கைக் கல்வியில் இடமாற்றம்

இலங்கையின் கல்வியமைப்பில் இவ்வனுபவம் தற்செயலாக நேர்வதன்று; அமைப்பின் படிகளோடு சேர்த்தே கட்டப்பட்டிருப்பது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் மத்திய பாடசாலைகள் பல நிறுவப்பட்டன. கிராமப்புறப் பிள்ளைகளுள் திறமையுடையோரைத் தெரிந்தெடுத்து அங்கு அனுப்புவதற்கு ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வழிவகுத்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கூலியாளரின் பிள்ளையும் கமக்காரரின் பிள்ளையும் பல்கலைக்கழகம்வரை செல்லக்கூடிய பாதை இவ்வாறே திறக்கப்பட்டது. அப்பாதையின் ஒவ்வொரு படியிலும் முதல்வர்களே திரட்டப்பட்டு ஓரிடத்திற் சேர்க்கப்படுகின்றனர். கிராமப் பாடசாலையின் முதல்வர்கள் மத்திய கல்லூரியின் ஒரு வகுப்பில் ஒன்றுசேர்கின்றனர், க.பொ.த. உயர்தர வகுப்புக்காக அவர்களுட் பலர் நகரக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அங்கிருந்து தேறியோர் பல்கலைக்கழகப் பீடமொன்றிற் கூடுகின்றனர். நாற்பது முதல்வர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் முதலிடம் ஒன்றே. ஏனைய முப்பத்தொன்பதின்மரும் தாம் முன்பு அறிந்திராத ஓரிடத்தில் அமரவேண்டியவராகின்றனர். அவர்களுள் எவரும் சோம்பலுற்றமையால் இது நேர்ந்ததன்று. முப்பத்தொன்பதின்மரும் முன்னரிலும் கடுமையாகப் படித்தாலும் இக்கணக்கு மாறாது.

தெரிவினால் நேரும் இம்மாற்றத்தைத் தவிர வேறு மாற்றங்களும் உள. தந்தையின் அரச பணியிடம் மாறியமையாற் கல்லூரி மாறியோர் உளர். போரினால் இடம்பெயர்ந்து மாறியோர் அவர்களினும் பலர். 1995 ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபொழுது, பாடசாலைப் பிள்ளைகளும் புத்தகங்களை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்று, கிடைத்த இடத்திற் படிப்பைத் தொடர நேர்ந்தது. அத்தகைய மாணவரின் புள்ளி வீழ்ச்சியைத் தகுதியின் வீழ்ச்சியாக எவரும் கொள்ளார். காரணம் வெளிப்படையாகத் தெரிகின்றமையே அதற்குக் காரணம். தெரிவினால் மாறிய மாணவனிடத்து அக்காரணம் மறைந்து நிற்கின்றது. அதனாலேயே அவனது வீழ்ச்சி அவனது உள்ளீட்டின் குறைபாடாக அவனுக்கும் பிறர்க்கும் தோற்றுகின்றது.

புள்ளி என்னும் அளவை

புள்ளியின் இயல்பை விளங்கிக்கொள்ளப் பௌதிகவியலின் எளிய வேறுபாடொன்று துணைபுரியும். திணிவு வேறு, நிறை வேறு என்பது பாடசாலை மாணவரும் அறிந்தது. ஒரு பொருளின் திணிவு அது பூமியிலிருப்பினும் சந்திரனிலிருப்பினும் மாறாது. நிறையோ அப்பொருள் நிற்குமிடத்தின் ஈர்ப்பைப் பொறுத்தது. சந்திரனில் அஃது ஏறத்தாழ ஆறிலொன்றாகும். நிறை குறைந்துவிட்டமையால் பொருளின் ஒரு பகுதி அழிந்துவிட்டதென எவரும் கூறுவதில்லை. புள்ளியும் நிறையைப் போன்று ஓர் உறவைக் குறிப்பதே. வினாத்தாளின் கடினம், உடன் எழுதியோரின் தரம், மாணவனுக்கு முன்னர் கிடைத்த பயிற்சி, அவனது விளக்கத்தின் ஆழம் ஆகிய நான்கும் கலந்த கலவையே அந்த இலக்கம். தேர்ச்சி அறிக்கையில் அவை தனித்தனியே எழுதப்படுவதில்லை.

இதனை அரசே ஒரு வகையில் ஏற்றுக்கொண்டுள்ளது. 2001ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை முதலாகப் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி கையாளப்படுகின்றது. ஒருவர் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவதே அது. பாடங்களிடையே வினாத்தாளின் கடினம் வேறுபடுகின்றமையால் வெறும் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பது பொருந்தாது என்பதே அதன் அடிப்படை. இம்முறையைக் கற்பனையான இரு வகுப்புகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதல் வகுப்பின் சராசரி 50, நியம விலகல் 10 எனக் கொள்வோமாயின், அங்கு 70 புள்ளி பெற்றவர் சராசரிக்கு இரு அலகு மேலே நிற்கின்றார். இரண்டாம் வகுப்பின் சராசரி 70, நியம விலகல் அதே 10 எனின், அதே 70 புள்ளி அவரைச் சராசரியிலேயே நிறுத்திவிடுகின்றது. அவர் எழுதிய விடையில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது சூழ நிற்போரின் கூட்டமே.

எனினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் ஆகாது. உறவைக் குறிக்கும் இலக்கம் பொய்யானதென்று முடிவுசெய்வது தருக்கப்பிழை. கடலாழமும் மலையுயரமும் கடல்மட்டத்தோடு கொண்ட உறவினாலேயே அளக்கப்படுகின்றன. அதனால் அவை பொய்யாகா. அன்றியும் பொருளின் திணிவு நிலையானது. மாணவனின் அறிவோ வளர்வதும் தேய்வதுமான இயல்புடையது. புதிய கல்லூரியின் புள்ளி, அவன் இன்னும் அறியாத ஒன்றை உண்மையாகவே சுட்டிக்காட்டக்கூடும். எனவே புள்ளி பேசுவது உண்மையா பொய்யா என்று வினவுவதிலும், அது எதனைப்பற்றிப் பேசுகின்றது, எதனைப்பற்றிப் பேசவில்லை என்று வினவுவதே முறையாகும்.

துன்பத்தின் வேர்

இலக்கத்தின் இயல்பு இவ்வாறாயின் அஃது ஏன் இத்துணைத் துன்பத்தை விளைவிக்கின்றது? பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1755இல் வெளிவந்த, சமத்துவமின்மையின் தோற்றம் பற்றிய தமது நூலில், மனிதன் தன்மீது கொள்ளும் அன்பை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். தன்னைப் பேணிக்கொள்ளும் இயற்கையான அன்பு ஒன்று. பிறரின் கண்ணில் தான் எவ்வாறு தோன்றுகின்றேன் என்ற ஒப்பீட்டிலிருந்து பிறக்கும் அன்பு மற்றொன்று. இரண்டாவது சமுதாய வாழ்வினால் உண்டாவது. பிறர் தாழ்ந்தாலன்றி நிறைவுறாதது. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் இதே செய்தியைப் பின்னவடிவிற் கூறினார். ஒருவரின் தன்மதிப்பு என்பது அவர் அடைந்த வெற்றியை அவர் கொண்ட எதிர்பார்ப்பினால் வகுத்து வருவது என்பது அவரது கருத்து. முதல்வனாகப் பழகியவனின் எதிர்பார்ப்பு மிகப் பெரிதாகையால், பிறர்க்கு நிறைவளிக்கும் புள்ளியும் அவனுக்குத் தோல்வியாகவே தோன்றுகின்றது.

பிற்கால ஆய்வுகள் இதற்கு உறுதி சேர்த்தன. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் டேவிஸ் 1966இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிற் கல்லூரி வளாகத்தைத் தவளைக் குளத்துக்கு ஒப்பிட்டார். மாணவர் தம் திறமையைத் தம் கல்லூரிக்குள் தாம் வகிக்கும் இடத்தைக்கொண்டே மதிப்பிடுகின்றனர் என்றும், அம்மதிப்பீடு அவர்கள் எத்தொழிலை நாடத் துணிகின்றனர் என்பதையும் பாதிக்கின்றதென்றும் அவர் காட்டினார். பின்னர் ஹேர்பேட் மார்ஷ் என்னும் கல்வி உளவியலாளர் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஒத்த ஆற்றலுடைய இரு மாணவருள், சராசரித் தரம் உயர்ந்த பாடசாலையிற் பயில்பவர் தமது கல்வித் திறமையைப்பற்றித் தாழ்வாக எண்ணும் போக்கு உண்டு என்பது அவரது முடிபு. 2003இல் அவரும் கிற்-ரை ஹௌ என்பாரும் வெளியிட்ட ஆய்வு இதனை 26 நாடுகளின் மாணவரிடையே கண்டது. எனவே இத்துன்பம் தனியொருவனின் மனப்பலவீனத்தால் வருவதன்று. மனிதர் தம்மை அளந்துகொள்ளும் முறையிலேயே அதற்கு வேர் உண்டு.

தமிழ்மரபு கிணற்றுத் தவளையை இகழ்ந்தே பேசிவந்துள்ளது. கிணற்றைவிட்டு வெளியேறும் தவளைக்கு நேரும் இழப்பைப்பற்றி அம்மரபு அதிகம் கூறவில்லை. இழப்பு உண்டென்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. கிராமத்து முதல்வன் இழப்பது பெருமை மட்டுமன்று. முதலிடம் அவனது குடும்பம் பற்றிநின்ற கயிறு. அதைப் பற்றியே புலமைப்பரிசில் வந்தது. அதை நம்பியே கடன் வாங்கி விடுதிக்கு அனுப்பினர். அதை எண்ணியே தங்கையின் படிப்பு ஒருவேளை நிறுத்தப்பட்டது. அக்கயிறு தளரும்பொழுது எழும் அச்சத்தை வெறும் தற்பெருமையெனக் கடிந்துரைப்பது கல்நெஞ்சத்தின் செயலாகும்.

தவறான மூன்று விடைகள்

இந்நிலையில் மாணவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் விடைகள் பெரும்பாலும் மூன்றனுள் அடங்கும். குறையெல்லாம் புதிய இடத்தினதே என்பது முதலாவது. ஆசிரியர் நகரத்துப் பிள்ளைகளுக்கே புள்ளி வழங்குகின்றனர், வினாக்கள் தமக்கு எதிராகவே அமைக்கப்படுகின்றன என இவ்விடை கூறும். நல்ல ஆய்வுகூடமும் மேலதிக வகுப்பும் ஆங்கிலப் பழக்கமும் பெற்றோர் முன்னே நிற்பது மெய்யாகையால் இவ்விடையில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயின் அக்கூற்றை முழுமையாகக் கொள்பவன், தான் கற்கவேண்டிய எதுவும் இல்லையென்ற முடிவுக்கு வந்துவிடுகின்றான். அநீதியைச் சுட்டும் சொல் அவனைக் கற்காமற் காக்கும் அரணாகிவிடுகின்றது.

இரண்டாவது விடை இதற்கு நேரெதிரானது. முன்பு பெற்ற புள்ளிகளெல்லாம் மாயை, இப்பொழுது வெளிப்பட்டதே தன் உண்மைநிலை என்பது அது. இவ்விடை பணிவுபோலத் தோன்றும்; ஆயின் பணிவன்று. ஓரிடத்தின் அளவுகோலை இறுதித் தீர்ப்பாக வணங்குவதே அதன் உள்ளடக்கம். மேலும் அஃது ஒருவகை நன்றியின்மையுமாகும். ஓலைக்கூரையின் கீழ் ஐந்து வகுப்புகளை ஒரே மண்டபத்தில் வைத்துக் கற்பித்த ஆசிரியர், அப்பிள்ளைக்குப் பின்னத்தைப் பிழையறக் கற்பித்தார். அப்பின்னம் நகரக் கல்லூரியிலும் அதே பின்னமே. தன் முற்கால வெற்றி பொய்யென்பவன், அவ்வாசிரியரின் உழைப்பையும் பொய்யாக்கிவிடுகின்றான்.

மூன்றாவது விடை பின்வாங்குதல். பழைய பாடசாலைக்குத் திரும்புதலும், விரும்பிய பாடத்தைக் கைவிட்டு எளிதில் முதன்மை பெறக்கூடிய பாடத்தை நாடுதலும் இதன் வடிவங்கள். இது எப்பொழுதும் தவறென்று கூறவியலாது. உடல்நலம் கெடும் அளவுக்குத் துன்புறும் மாணவனுக்கும், புதிய பாடத்தில் மெய்யான விருப்பங்கொண்டவனுக்கும் மாறிச்செல்லல் நன்றே. தெரிவின் அறத்தன்மையை அதன் நோக்கமே தீர்மானிக்கின்றது. எங்கு அதிகம் கற்பேன் என்று வினவி மாறுபவன் கல்வியைத் தெரிகின்றான். எங்கு முதல்வனாவேன் என்று மட்டும் வினவி மாறுபவன் கிணற்றின் அகலத்தைத் தெரிகின்றான்.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு விளைவு உண்டு, அது மறைத்தல். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் நலமென்று எழுதுவதும், தேர்ச்சி அறிக்கையைக் காட்டாது காலங்கடத்துவதும், தவணை விடுமுறையில் ஊருக்குச் செல்லாதிருப்பதும் பலர்க்கும் நேர்ந்தவை. பெற்றோரை வருத்தக்கூடாதென்ற அன்பே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. ஆயின் மறைக்கப்படும் ஒவ்வொரு தவணையும் மாணவனைத் தனிமையில் மேலும் ஆழமாகத் தள்ளுகின்றது. துன்பத்தைப் பகிரக்கூடிய ஒரே உறவும் பொய்யினால் அடைபட்டுவிடுகின்றது. புள்ளி இறங்கியமை மாணவனின் குற்றமன்று. அதைச் சொல்லாதிருத்தல் அவனது செயலாகையால் அதற்கு அவன் பொறுப்பாகின்றான்.

இராமானுஜன் என்னும் எடுத்துக்காட்டு

இத்தகைய வேளையில் ஆறுதலாக எடுத்துக்கூறப்படும் பெயர் கணித மேதை சீனிவாச இராமானுஜனுடையது. அவர் 1904இற் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தார். கணிதத்தில் முழுமனத்தையும் செலுத்தி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அதனை இழந்தார். 1906இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு மாறினார். அங்கும் கணிதத்தைத் தவிர்த்த பாடங்களில் தேறவில்லை. அவ்வாண்டும் மறுவாண்டும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வியுற்றார். 1913இற் கேம்பிரிட்ஜ் பேராசான் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், 1914இல் அவர் இங்கிலாந்து சென்றமையும், 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டமையும் பலரும் அறிந்தவை.

இவ்வரலாற்றிலிருந்து, பரீட்சைகள் அறிவிலார் அமைத்தவை, தோற்றவரே மேதைகள் என்ற முடிவைப் பெறுவோர் உளர். அது தருக்கத்துக்கும் வரலாற்றுக்கும் முரணானது. தோல்வியுற்ற மேதை ஒருவர் இருந்தாரென்பதனால் தோல்வியுற்றோரெல்லாம் மேதைகளாகார். அன்றியும், மேதையாயிருந்தாலன்றித் தோல்வியுற்றவனுக்கு மதிப்பில்லை என்னும் எண்ணமும் இவ்வாறுதலுள் மறைந்து நிற்கின்றது. சாதாரண ஆற்றலுடைய மாணவனை அஃது இரண்டாம் முறையும் கைவிடுகின்றது.

அவ்வரலாறு உணர்த்துவது வேறொன்று. சென்னைப் பரீட்சை இராமானுஜனிடம் ஆங்கிலமும் உடற்றொழிலியலும் கேட்டது. வேண்டிய அளவுக்கு அவை அவரிடம் இல்லையென்றது. அஃது உண்மையே. அவ்விடையைக் கேட்டோர், அது கேளாத ஒரு வினாவுக்கும் அதுவே விடையெனக் கொண்டபொழுதுதான் பிழை நேர்ந்தது. ஹார்டியின் வாழ்வும் இவ்விடத்துக் கருதத்தக்கது. கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணிதப் பரீட்சையில் 1898இல் அவர் நான்காமிடம் பெற்றார். பரீட்சையினால் நன்மை பெற்ற அவரே பிற்காலத்தில் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அப்பரீட்சையின் சிறப்புச் சித்தியாளரை ஒன்று, இரண்டு என வரிசைப்படுத்தி அறிவிக்கும் நெடுங்கால வழக்கம் 1909உடன் கைவிடப்பட்டது. வரிசையிடமும் கணிதப் புலமையும் ஒன்றல்லவென்பதை அப்பல்கலைக்கழகமே உணர்ந்துகொள்ளப் பல தலைமுறைகள் சென்றன.

நிறுவனத்தின் கடப்பாடு

மாணவனின் மனவுறுதியைப்பற்றி மட்டும் பேசி நிறுவனத்தை வாளாவிடுதல் நடுநிலையாகாது. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலைத்துறைப் பாடங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கும் நிலை 1960இல் உருவாயிற்று. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகிய பீடங்களில் ஆங்கிலமே போதனாமொழியாகத் தொடர்ந்தது. தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் உயர்ந்த பெறுபேறு பெற்ற மாணவி முதலாமாண்டு இரசாயனவியல் விடையை ஆங்கிலத்தில் எழுதி 45 புள்ளி பெறுகின்றாள் எனக் கொள்ளலாம். அந்த 45 அவளது இரசாயன அறிவை அளக்கின்றதா, ஆங்கில அறிவை அளக்கின்றதா? இரண்டையும் சேர்த்து அளக்கின்றதென்பதே உண்மை. அளப்பவருக்கு அது தெரியும். பெறுபேற்றுப் பட்டியல் அதைத் தெரிவிப்பதில்லை. தான் எதனை அளக்கின்றேனென்பதை மாணவர்க்கு விளக்குவது புள்ளியிடுபவரின் கடப்பாடு. இரசாயனத்தில் உனக்குக் குறையில்லை, வாக்கியம் அமைப்பதிலேயே குறை என்ற ஒரு வரி, விடைத்தாளின் ஓரத்தில் எழுதப்படுமாயின், அம்மாணவியின் பட்டப்படிப்பையே காக்கக்கூடும்.

இலக்கங்கள் மனிதர் எடுக்கும் முடிவுகளால் உருவாகின்றன என்பதை இலங்கைத் தமிழ்ச் சமூகம் அனுபவத்தில் அறிந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலால் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் சில பீடங்களுக்குச் செல்லக் கூடுதலான புள்ளி பெறவேண்டியவராயினர். அதனால் விளைந்த மனக்காயம் நாட்டின் அரசியலையே மாற்றியது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதன் வடிவங்கள் பின்னர் பலமுறை திருத்தப்பட்டன. மொழியைக் கொண்டு மனிதரைப் பிரித்து அளத்தல் அநீதி என்பதில் ஐயமில்லை. ஆயின் வசதி குன்றிய மாவட்டத்திலிருந்து வந்தவனின் புள்ளியை அவன் கடந்துவந்த தூரத்தோடு சேர்த்துப் பார்த்தல் வேறொரு செயல். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர், மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்த மாணவன் முதலாமாண்டிற் பின்தங்கும்பொழுது, ஒதுக்கீட்டினால் வந்தவன்தானே என இழித்துரைக்கின்றனர். அளவுகோலினால் ஒருகாலத்தில் காயமுற்ற சமூகம் அதே அளவுகோலைத் தன்னுள் எளியோர்மீது ஓங்குதல் பொருந்தாது. சேர்ந்த நாளில் ஒருவன் எங்கு நின்றான் என்பதிலும், சேர்த்துக்கொண்ட பின் நிறுவனம் அவனுக்கு என்ன செய்தது என்பதே அந்நிறுவனத்தின் தகுதிக்குச் சான்றாகும்.

மாணவனின் கடப்பாடு

நிறுவனம் தன் கடமையை ஆற்றினும் ஆற்றாதொழியினும் மாணவனுக்குரிய கடமை எஞ்சி நிற்கின்றது. புள்ளியுட் கலந்துள்ளவற்றைப் பிரித்தறிதலே அதன் முதற்படி. மொத்த இலக்கத்தை உற்றுநோக்கி வருந்துவதால் இது கைகூடாது. விடைத்தாளை வினா வினாவாக நோக்கவேண்டும். எவ்விடத்தில் அறியாமையாற் புள்ளி இழந்தான், எவ்விடத்தில் மொழியினால், எவ்விடத்தில் நேரமின்மையால் என அவன் பிரித்தெழுதுவானாயின், தகுதியின்மை என்ற இருண்ட சொல் நாலைந்து சிறு வேலைகளாகச் சிதறிவிடும். ஓராண்டுக்கு முன் தான் எழுதிய விடையோடு இன்றைய விடையை ஒப்பிடுதலும், ஒருவரும் புள்ளியிடாத கணக்கொன்றைச் செய்து பார்த்தலும், கற்றதை இளைய மாணவன் ஒருவனுக்கு விளக்கிப் பார்த்தலும் வகுப்பின் வரிசையைச் சாராத அளவைகள். அவை தவணைதோறும் கிடைக்காதவை, ஆயினும் நம்பத்தக்கவை.

அடுத்த படி இதனிலும் கடினமானது. அது பிறரிடம் கேட்டல். பழைய பாடசாலையில் அவன் கேட்கப்பட்டவன். கணக்கு விளங்காதோர் அவன் மேசையைச் சுற்றி நின்றனர். கேட்பது எவ்வாறென்பதை அவன் பழகியதேயில்லை. நடுநிலை மாணவனாகவே இருந்துவந்தவன் இயல்பாகச் செய்யும் ஒன்று, முதல்வனாயிருந்தவனுக்கு நாவெழாத செயலாகின்றது. பல முதல்வர்கள் புதிய இடத்திற் பின்தங்குவது ஆற்றல் குறைவினாலன்று, இப்பழக்கமின்மையினாலேயே எனலாம். அறியேன் என்று சொல்லும் துணிவு கல்வியின் தொடக்கம். அவனது முற்கால வெற்றிகள் அத்தொடக்கத்தை அவனுக்குத் தாமதப்படுத்திவிட்டன. திருக்குறளிற் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் தனியே வைக்கப்பட்டிருப்பது இங்கு எண்ணத்தக்கது.

மூன்றாவது படி, தன்னிலும் சிறந்தோரை எவ்வாறு நோக்குவது என்பது. ஒரே நிகழ்ச்சியை இரு பேரேடுகளில் எழுதலாம். முன்னிருக்கும் மாணவி தன்னிலும் விரைவாகக் கணக்கைத் தீர்க்கின்றாள் என்பது வரிசையின் பேரேட்டில் நட்டம். கற்றலின் பேரேட்டில் வரவு. அவள் தீர்த்த முறையைக் காணும் வாய்ப்புப் பழைய பாடசாலையில் அவனுக்கு ஒருபொழுதும் கிடைத்திராது. எப்பேரேட்டைத் திறந்துவைத்துக் கணக்கெழுதுகின்றானென்பது, அவன் இதுவரை எதனை விரும்பிக் கற்றான் என்பதை அவனுக்கே காட்டும். முதன்மையை விரும்பியதனாலேயே கற்றிருப்பானாயினும் அதற்காக நாணவேண்டியதில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் அவ்வாறே தொடங்குகின்றனர். பரிசுக்காகத் தொடங்கிய படிப்பு பாடத்துக்கான விருப்பமாக மாறவேண்டிய கட்டம் ஒன்றுண்டு. பரிசு வருவது நின்ற வேளையிலன்றி அம்மாற்றம் நிகழ்ந்ததா என்பதை அறியவியலாது.

இலுப்பைப்பூவின் பழமொழிக்கு இங்கு மறுபடியும் பொருள்காண இடமுண்டு. ஆலை வந்த பின்னரும் இலுப்பைப்பூவின் இனிப்புக் குறைவதில்லை. ஆலை வருமுன் அதனை உண்டு பசியாறியோர் ஏமாற்றப்பட்டவருமல்லர். பழமொழி ஏளனஞ்செய்வது பூவையன்று. பூவைச் சர்க்கரையென்று பெயரிட்டு அழைத்த ஊராரின் அளவையே. இடம்மாறிய மாணவன் இழந்தது அப்பெயரை. அவனுள் இருந்த இனிப்பு அவனோடு வந்துள்ளது. அது போதுமானதன்று என்பதையும் புதிய கல்லூரி அவனுக்குச் சரியாகவே கூறியுள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே உண்மையென ஏற்று, அடுத்த தவணைக்கான பாடத்தை விரித்துவைத்து அமர்தல் எளிதன்று. ஆயினும் முதலாமாண்டின் பெறுபேற்றுப் பட்டியலின் முன் நிற்கும் மாணவர்க்கும், அப்பட்டியலிற் கையொப்பமிடும் விரிவுரையாளர்க்கும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கவேண்டிய செய்தி இது.